சந்துக்கு மேலே ஏழு புள்ளிகள்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் நான். அன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பாதுகாப்பு அதிகாரி போன் செய்தார். படம் அனுப்பியிருப்பதாகவும் உடனே பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் அவசரப்படுத்தினார். ஒரு கையில் பிரஷ், மறு கையில் போன். திரையில் அழுக்கு வெள்ளையாக ஒரு வானம், கீழே தகரக் கூரைகள், ஓரமாக ஒரு தண்ணீர்த் தொட்டி, நடுவில் கடுகு சிதறியதுபோல் சில புள்ளிகள். வாயில் நுரையோடு, "பருந்து மாதிரிதான் தெரியுது சார்" என்று சொல்லிவிட்டேன்.

நான் வேலைக்குப் போய்ச் சேருவதற்குள் அந்த 'மாதிரி' கழன்று விழுந்து, பருந்து மட்டும் நோட்டீஸில் ஏறிவிட்டது.

விமான நிலையத்தில் பறவைப் பிரிவு என்று ஒன்று இருப்பது பயணிகள் பலருக்குத் தெரியாது. தீயணைப்பு வண்டிகள் நிற்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓர் அறை. இரண்டு மேசை, ஒரு கம்ப்யூட்டர், வெடிச்சத்தம் போட்டுப் பறவைகளை விரட்டும் துப்பாக்கிகளை வைக்கும் இரும்பு அலமாரி, ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றும் மின்விசிறி. விரட்டுவது ஜீப்பில் சுற்றும் ஆட்களின் வேலை. வந்தது என்ன பறவை என்று சொல்வது என் வேலை. விமானிகள், பயணிகள், வேலியோரம் நடக்கிறவர்கள் என்று யார் யாரோ எடுத்த படங்கள் என்னிடம் வரும். ஒன்றும் உருப்படியாக இருக்காது. எடுத்தவர் கை நடுங்கியிருக்கும், கண்ணாடியில் வெயில் அடித்திருக்கும், பறவை இருக்க வேண்டிய இடத்தில் எறும்பு அளவுக்கு ஒரு கறை இருக்கும். அந்தக் கறைக்குப் பெயர் வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆபீசில் என்னைப் 'புள்ளி மேடம்' என்பார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு போனை எடுத்தால் நானே "புள்ளி பேசறேன்" என்று சொல்லப் பழகிவிட்டேன்.

நடந்தது இதுதான். இரண்டு நாள் முன்பு, காலையில் கிளம்பிய விமானம் ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்தபோது ஒரு பறவை என்ஜினுக்குள் போய்விட்டது. விமானி திரும்பி வந்து பத்திரமாக இறக்கினார். யாருக்கும் கீறல்கூட இல்லை. என்ஜினுக்குள் போன ஜீவன் மட்டும் கரியும் எண்ணெயுமாக ஒரு கரண்டி கறையாய் மிஞ்சியது. அதைத் துடைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து பதில் வர வாரக்கணக்காகும். அதுவரை கையில் இருந்தது ஜன்னலோரப் பயணி ஒருவர் அடுத்தடுத்து எடுத்த மூன்று படங்கள்தான். மூன்றிலும் அந்தப் புள்ளிகள் இறைச்சிக்கடைச் சந்தின் தகரக் கூரைகளுக்கு நேர் மேலே தெரிந்தன.

ஓடுபாதைக்கு அந்தப் பக்கம், வேலியை ஒட்டினாற்போல இருக்கிறது அந்தச் சந்து. கோழி, ஆடு, மீன் என்று வரிசையாகக் கடைகள். கழிவு இருந்தால் பருந்து வரும், பருந்து வந்தால் விமானத்துக்கு ஆபத்து. அதிகாரி இதை வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நாளைக்கு ஒரு விமானம் விழுந்தால் கையெழுத்துப் போட்ட ஆளைத்தான் தேடுவார்கள் என்ற பயத்தில் தூக்கம் கெட்டவர். இப்போது என் வாய்மொழி கிடைத்ததும் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் கூட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டால், மறுநாள் காலை சந்து முழுவதற்கும் பூட்டு.

நான் போனபோது என் அறைக்கு வெளியே பெஞ்சில் கோழிக்கடை அம்மா உட்கார்ந்திருந்தார். சந்தின் சார்பில் பேச வந்தவர். எனக்கு அவரைச் சுத்தமாகப் பிடிக்காது. தராசில் விரலை வைத்து அழுத்துகிற கை அது, நானே பார்த்திருக்கிறேன்.

"மேடம், நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. நீங்கதான் பருந்துன்னு சொன்னீங்களாம்?"

"இன்னும் முடிவாகலம்மா."

"முடிவாகாமலா ஒட்டுவாங்க? மூடி போட்ட ட்ரம்முலதான் கழிவு போடறோம். வாசல்ல வலை கட்டியிருக்கோம். ஒரு பருந்து உள்ள வந்தா என் பேர மாத்தி வச்சுக்குறேன். எங்க சந்துல எத்தன அடுப்பு எரியுதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"பாத்துட்டுச் சொல்றேன், உக்காருங்க."

"உக்காந்துதான் இருக்கேன்" என்றார், என்னை ஏற இறங்கப் பார்த்து.

கம்ப்யூட்டரில் படங்களைப் பெரிதாக்கினேன். பெரிதாக்கினால் ஒன்றும் தெளிவாகாது, புள்ளி கட்டமாகும், கட்டம் சதுரமாகும். சின்னதாக்கினேன். எழுந்து தண்ணீர் குடித்தேன். வந்து உட்கார்ந்து மறுபடி பெரிதாக்கினேன். இருப்புக் கொள்ளவில்லை. வாய் தவறிச் சொன்ன ஒரு சொல் வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கும்போது யாருக்குத்தான் இருப்புக் கொள்ளும்?

முதலில் அழுக்கைக் கழிக்க வேண்டும். அதிகாரி ஒன்பது பறவைகள் என்று எழுதியிருந்தார். மூன்று படங்களிலும் ஜன்னல் சட்டத்தின் மூலையிலிருந்து ஒரே தூரத்தில் அசையாமல் நின்றவை இரண்டு. அவை பறவை இல்லை, கண்ணாடியில் ஒட்டிய தூசு. மனுஷர் தூசியையும் பருந்துக் கணக்கில் சேர்த்திருந்தார். மீதி ஏழு.

ஏழும் அளவில் பருந்துபோலத்தான் இருந்தன. கூரைக்கு மேலே அந்தத் தூரத்தில், தண்ணீர்த் தொட்டியோடு ஒப்பிட்டால், அவ்வளவு பெரிய சிறகு பருந்துக்குத்தான் உண்டு. காலையில் நான் கண்ட கணக்கும் அதுதான். மறுபடி அதே கணக்கைப் போட்டுவிட்டு, என்னை நானே தலையில் குட்டிக்கொண்டேன். எங்கள் வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுக்கிற விஷயம், தூரம் தெரியாமல் அளவு சொல்லக்கூடாது என்பது. படத்தில் கூரைக்கு மேலே தெரிகிற பறவை நிஜத்தில் கூரைக்கு மேலே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? நிலாவும்தான் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தெரிகிறது. தொட்டியோடு ஒப்பிட்டு நிலாவை அளப்பேனா?

மூன்று படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். பக்கத்து மின்கம்பம் சரேலென்று பின்னால் ஓடும், தூரத்து மரம் கூடவே நடந்து வரும். இங்கே கூரைகள் மரம்போல நின்றன. புள்ளிகளோ முதல் படத்தில் தொட்டிக்கு முன்னால் இருந்தவை, மூன்றாவதில் தொட்டியைத் தாண்டி எங்கோ போயிருந்தன. ஏழும் ஒன்றுபோலப் பின்னால் தள்ளப்பட்டிருந்தன. சந்துக்கு மேலே இருக்கும் பருந்து அந்த ஒரு மூச்சு நேரத்தில் அவ்வளவு தூரம் போக வேண்டுமானால் ராக்கெட்டாக இருக்க வேண்டும்.

ஆக, அவை விமானத்துக்குப் பக்கத்தில் இருந்தவை. பக்கத்தில் இருந்து இவ்வளவுதான் தெரிகிறது என்றால், சின்னப் பறவை. கூரான சிறகு, குட்டை வால், உருண்டை உடம்பு.

புறா!

எனக்கு வந்த சந்தோஷத்தில் நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. அதிகாரிக்கு உடனே போன் போட்டேன்.

"சார், காலையில நான் சொன்னது தப்பு. அது பருந்து இல்ல, புறா. சந்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஓடுபாதைக்கு இந்தப் பக்கம் பறந்திருக்கு."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "புறான்னாலும் சந்துதான மேடம்?" என்றார்.

"எப்படி சார்?"

"கோழிக்குத் தீவனம் போடறாங்க, சிந்துது, புறா வருது. இந்தப் பக்கம் பறந்தா என்ன, தின்ன வந்தது அந்தப் பக்கம்தான? நோட்டீஸ்ல பருந்த அடிச்சுட்டுப் புறான்னு போட்டுடறேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

போனை வைத்த வேகத்தில் மேசையில் இருந்த பேனா கீழே விழுந்தது. அவர் சொன்னதில் தப்பும் இல்லை, அதுதான் எரிச்சல். தெருப்புறா எங்கே தின்னும், எங்கே உறங்கும் என்று யார் கண்டது? சந்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால், இவை எங்கிருந்து வந்தவை என்று சொல்ல வேண்டும். மறுபடி படத்துக்குள் தலையை விட்டேன்.

இரண்டாவது படத்தில் ஒரு புள்ளியின் சிறகு மேல்நோக்கி ஒட்டிக்கொண்டு நின்றது. படம் ஆடியதால் அப்படி என்று முதலில் விட்டுவிட்டேன். படம் ஆடியிருந்தால் மற்ற ஆறும் அப்படித்தானே இருக்க வேண்டும்? மூன்றாவது படத்தில் அதே பறவையைத் தேடினேன். கூட்டத்தில் இல்லை. வெகு கீழே, தன்னந்தனியாக, தலைகீழாக இருந்தது.

தெருப்புறா வானத்தில் தலைகீழாக விழாது. கர்ணப் புறா விழும். ஆட்கள் ஆசைக்கு வளர்ப்பது. பறந்துகொண்டே இருக்கும்போது சிறகை மேலே சேர்த்துக்கொண்டு குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே கீழே வரும், பிறகு நிமிர்ந்து ஏறும். வளர்க்கிறவர்கள் அண்ணாந்து பார்த்து விசிலடிப்பார்கள்.

நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பழைய வீட்டு மாடியில், கல்யாணமான நாளிலிருந்து பார்த்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். அவருக்கு இரண்டு ஆசை. ஒன்று நான், இன்னொன்று புறா. வரிசை எது என்று கேட்டு நான் அவரைச் சங்கடப்படுத்தியதில்லை. பறவைப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்து இங்கே ஊழியர் குடியிருப்புக்கு வந்தபோது, விமான நிலையத்தைச் சுற்றி யாரும் புறா வளர்க்கக் கூடாது என்ற சட்டத்தைக் காட்டினேன். இருந்த ஏழையும் ஊருக்கு வெளியே ஒரு சிநேகிதருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அன்று இரவு சாப்பிடவில்லை. நானும் பாவம் என்று விட்டுவிட்டேன்.

ஏழு. ஆறு வெள்ளை, ஒன்று கறுப்பு. வெள்ளைகளில் ஒன்று எப்போதும் முதலில் கரணம் போடும், மற்றதைவிட இரண்டு மடங்கு விழும். அதற்கு 'சர்க்கஸ்' என்று பேர். கறுப்புதான் 'கருப்பி', கரணமே போடாது, கூட்டத்துக்குப் பின்னால் ஒரு ஓரமாகவே வரும். கூட்டத்தில் போகிற சொந்தக்காரரை முதுகைப் பார்த்தே தெரிந்துகொள்கிறோமே, அதுபோலத் தெரிந்தது எனக்கு. மூன்றாவது படத்தில் பின்னால் ஓரமாக ஒரு புள்ளி மட்டும் மற்றதைவிட அழுத்தமாக இருந்தது. அதற்கும் விமானத்துக்கும் நடுவில் இடமே இல்லை.

இரண்டு நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டதற்கு வெயில் என்றார். நேற்று சாயங்காலம் வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை வருமா என்று பார்க்கிறேன் என்றார், மேகமே இல்லாத வானத்தைப் பார்த்து. எல்லாரும் எடுத்த படத்தில் எல்லாப் பறவையையும் கண்டுபிடிக்கிற நான், என் வீட்டு வாசலில் நின்ற ஆளைப் பார்க்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஸ்கூட்டரை எடுத்தேன். கோழிக்கடை அம்மா, "எங்க மேடம் ஓடறீங்க?" என்று பின்னால் கத்தினார். ஓடுபாதைக்கு இந்தப் பக்கம், என் வீட்டுக்காரர் வழக்கமாக வேலை பார்க்கிற உயரமான கட்டடம் ஒன்றுதான். மூன்று மாடித் துணிக்கடை. அதன் மொட்டைமாடி முழுக்க ஏசி இயந்திரங்கள். வேறு யாரும் ஏற மாட்டார்கள், சாவி அவரிடம்தான் இருக்கும்.

மாடிக் கதவு திறந்திருந்தது. இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. இரண்டு இயந்திரங்களுக்கு நடுவில் நிழலாக, துணிப்பெட்டி மரப்பலகைகளை வைத்து அடித்த கூண்டு. கழுவிய தண்ணீர்க் கிண்ணம், தனியாகத் தானியக் கிண்ணம். எங்கள் வீட்டில் ஒரு டம்ளரைக்கூட கழுவி வைக்காத மனிதர். அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அண்ணாந்து நின்றார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"நீ எப்படி இங்க?"

வழியெல்லாம் வாயில் வைத்துக்கொண்டு வந்த வசவு ஒன்றும் வெளியே வரவில்லை. அதோடு, எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. நான் நினைப்பது தப்பாக இருக்கலாம். ஆசையாக இருந்தது, தப்பாக இருக்க வேண்டும் என்று. போனில் மூன்றாவது படத்தை எடுத்து நீட்டினேன்.

வாங்கி, வெயிலுக்குக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தார். நான் கால் நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அவர் விரல் நேராகப் போய் அந்த ஓரத்துப் புள்ளியில் நின்றது.

"கருப்பி! இது எங்க எடுத்தது? யாரு கையில இருக்கு? உசுரோட இருக்கா?"

நான் கூண்டில் இருந்தவற்றை எண்ணினேன், ஆறு.

"சொல்லேன்டி!"

"ரெண்டு நாள் முன்னாடி எடுத்ததுங்க. ஏரோப்ளேன் ஜன்னல்லேருந்து."

மெதுவாகப் புரிந்தது அவருக்கு. என் கையில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இயந்திரத்தின் மேல் உட்கார்ந்தார். சூடாக இருந்திருக்கும். எழுந்திருக்கவில்லை.

"சத்தியமா அன்னைக்குக் கொடுத்தேன்" என்றார். "பொய் சொல்லல. மூணு தடவ கொடுத்தேன். மூணு தடவையும் திரும்பி வந்துடுச்சு. பழைய வீட்டு மாடியில வந்து உக்காந்துக்கிச்சு. இப்ப இருக்கறவங்க கல்ல விட்டு எறிஞ்சாங்க. நான் என்ன பண்றது? உன்கிட்ட சொன்னா நீ வேலையப் பாப்பியா, என்னைப் பாப்பியா?"

"அதுக்கு ஓடுபாதைக்குப் பக்கத்துலயா கொண்டாந்து வைப்பீங்க?"

"காலையில கொஞ்ச நேரம்தான் விடுவேன். ப்ளேன் கிளம்பறதுக்கு முன்னாடி இறக்கிடுவேன். அன்னைக்கு அது நேரத்துக்கு முன்னாடியே கிளம்பிடுச்சு."

எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. விமானத்தின் நேரத்தைப் பார்த்துப் புறா விட்டாராம். சந்தைப் பற்றிச் சொன்னேன், நோட்டீஸ் பற்றிச் சொன்னேன், மறுநாள் காலைப் பூட்டு பற்றிச் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தவர், சட்டென்று நிமிர்ந்தார்.

"புள்ளிதான? அது யாருக்குத் தெரியும்? தெரியலன்னு சொல்லிடு."

"தெரியலன்னா காலையில நான் சொன்னதுதான் நிக்கும். பூட்டுவாங்க."

"பூட்டட்டும். சந்துல இருக்கறவங்க உனக்கு என்ன மாமனா மச்சானா? உன் வேலை போயிடும்டி. இதுங்களப் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவாங்க."

அவர் சொன்னது அத்தனையும் எனக்குள்ளும் ஓடியது. சந்து எனக்கு ஒன்றும் செய்ததில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாலே எரிச்சல். என் சம்பளம் இல்லாவிட்டால் இந்தக் குடியிருப்பும் இல்லை. ஆனால் நான் சொன்ன ஒரு சொல்லை நம்பித்தான் பூட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள்.

"சந்தப் பூட்டிட்டா எல்லாம் சரியாயிடுமா?" என்றேன். "நாளைக்கும் இதுங்க பறக்கும். நாளைக்கும் ஒரு ப்ளேன் நேரத்துக்கு முன்னாடி கிளம்பும். அன்னைக்கு உள்ள இருந்தவங்க எத்தன பேருன்னு தெரியுமா உங்களுக்கு? கைக்குழந்தையெல்லாம் இருந்துச்சுங்க."

கூண்டுக்குள் ஒரு புறா குமுறிக்கொண்டே சுற்றியது.

"அப்ப எதுக்கு என்கிட்ட வந்த? கேட்டுட்டுப் போகவா, சொல்லிட்டுப் போகவா?"

எனக்கே தெரியவில்லை. இல்லையென்று அவர் சொல்வார் என்ற ஆசையில் வந்தேன் என்று எப்படிச் சொல்வது?

"போ" என்றார். "கூட்டத்துக்கு நேரமாகுது."

கூட்டம் என்று பேர், அதிகாரியும் நானும்தான். அவர் அறையில் ஏசி குளிர் எலும்பில் இறங்கியது. மூன்று படங்களையும் மேசையில் பரப்பி, தூசியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சொன்னேன். பஸ் ஜன்னல் கதையைச் சொன்னேன். தலைகீழாக விழுகிற புள்ளியைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மேடம், நீங்க சொல்றது எல்லாம் சரியா இருக்கலாம். ஆனா இது ஒரு கறை. இத வச்சு வளர்ப்புப் புறான்னு எழுதினா மேல இருக்கறவங்க சிரிப்பாங்க. கர்ணப் புறாதான்னு எப்படி அடிச்சுச் சொல்றீங்க?"

"எங்க வீட்டுப் புறா சார்."

"என்னது?"

"என் வீட்டுக்காரர் வளர்க்கறது. துணிக்கடை மாடியில கூண்டு இருக்கு. ஏழு இருந்துச்சு, இப்ப ஆறுதான் இருக்கு. எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. எழுந்து போய் ஏசியைக் குறைத்துவிட்டு வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"இத நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே, மேடம்."

"தெரியும் சார்."

நோட்டீஸைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி அவரே கையெழுத்துப் போட்டார். பிறகு அடுத்த தாளை எடுத்தார். விசாரணை முடியும்வரை நான் வேலைக்கு வரக் கூடாது. புறாக்களைப் பிடித்துக்கொண்டு போனால் அவற்றின் கதி என்ன என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் ஒரு சலுகை கொடுத்தார். ஆறையும் குடியிருப்பு மாடியில் கூண்டில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் பறக்கக் கூடாது. இன்றைக்கே சிறகை வெட்டி, ஒவ்வொன்றுக்கும் படம் எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும்.

"படம் தெளிவா இருக்கணும் மேடம்" என்றார். கிண்டல் இல்லை அது, நிஜமாகவே சொன்னார்.

வெளியே வந்தேன். கோழிக்கடை அம்மா பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார்.

"கடையத் திறந்துக்கங்க" என்றேன். "பருந்து இல்ல. வளர்ப்புப் புறா."

"அதான் நாங்க தலையால அடிச்சுக்கிட்டோமே! இதக் கண்டுபிடிக்கவா பொழுது சாயற வரைக்கும் ஆச்சு? வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன் நான். எவன் வளர்த்தான் அந்தப் புறாவ? அவன் வெளங்குவானா? அவன் குடும்பம் உருப்படுமா?"

"என் வீட்டுக்காரர்தாம்மா வளர்த்தாரு."

அந்த அம்மா கையில் சுருட்டி வைத்திருந்த நோட்டீஸை இன்னும் சின்னதாகச் சுருட்டினார். என் முகத்தைப் பார்த்தார், அதிகாரியின் கதவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"மத்தியானம் சாப்பிட்டீங்களா மேடம்?" என்றார்.

இல்லை என்று தலையாட்டும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஸ்கூட்டர் நிற்கும் இடம்வரை கூடவே நடந்து வந்தார்.

நான் போனில் சொல்லியிருந்தபடி, குடியிருப்பு மாடிக்கு என் வீட்டுக்காரர் புறாக்களைக் கொண்டுவந்துவிட்டிருந்தார். வெளிச்சம் இன்னும் போகவில்லை. ஒரு புறாவை எடுத்து, ஒரு பக்கச் சிறகை விசிறிபோல விரித்துப் பிடித்தார். வேலையில் சேர்ந்ததிலிருந்து எத்தனையோ சிறகுகளைச் சதுரம் சதுரமாகப் பார்த்திருக்கிறேன். இப்போது ஒவ்வொரு இறகின் நரம்பும் தெரிந்தது. அவர் கத்தரிக்கோலை எடுத்தார். இறகுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கீழே வைத்துவிட்டார்.

"நீயே வெட்டு."

"நானா?"

"என்னால முடியாது."

வெட்டினேன். இறகுக்கு வலி இல்லை, நகம் வெட்டுவது மாதிரிதான். அவர் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தார், நான் வெட்டினேன், படம் எடுத்தேன், அனுப்பினேன். வெட்டிய இறகுகளைக் காற்று மாடியெங்கும் தள்ளிக்கொண்டு போனது. எனக்கு அவரிடம் எதையாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. கருப்பிக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, கண் இமைக்கிற நேரத்தில் முடிந்திருக்கும் என்று சொன்னேன். அவர் அடுத்த புறாவை எடுத்து நீட்டினார்.

கடைசியாக சர்க்கஸ். அது ஒரே முரண்டு. வெட்டிப் படம் எடுத்துக் கீழே விட்டதும் உதறிக்கொண்டு, குடுகுடுவென்று ஓடி, ஒரே தாவலில் கைப்பிடிச் சுவரில் ஏறிவிட்டது. எப்போதும்போலக் கழுத்தை நீட்டி வானத்தைப் பார்த்தது. சிறகை விரித்தது. அவர் போட்டது போட்டபடி பாய்ந்து, சுவர் விளிம்பிலிருந்து அதைப் பிடித்தார். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"அதுக்கு இன்னும் தெரியலடி" என்றார்.